பாடம் 6: பாட்டியின் தையற்பொறி

நுழையும்முன்

நம் வீடுகளில் ஒரு மூலையில் ஓசையின்றி நிற்கும் பழைய பொருள்கள் சில உண்டு. அவற்றுள் சில, ஒரு காலத்தில் குடும்பத்தையே தாங்கியவை. அத்தகைய பொருள் பழுதடைந்தால் விற்பதா, செப்பனிடுவதா? அது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தவரே இக்கேள்விக்குச் சரியான விடை கூற இயலும். கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் களமாகக் கொண்டு புனையப்பட்ட இக்கதையை, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கூறுவதாகப் படிப்போம்.

மூன்றாம் பட்டியல்

கொல்கத்தாவின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டுக்கு அருகில் ஒரு பழைய மாடிவீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு நாகபுரிக்குப் பணிமாற்றம் வந்தது. அங்கே கிடைத்த குடியிருப்பு சிறியது. ஆதலால், எடுத்துச் செல்ல வேண்டியவை, பிறருக்குக் கொடுக்க வேண்டியவை, விற்க வேண்டியவை என அப்பா மூன்று பட்டியல்களை எழுதினார். மூன்றாம் பட்டியலின் இறுதியில் 'அம்மாவின் தையல் மெஷின்' என்று இருந்தது.

அது காலால் மிதித்து ஓட்டும் உஷா தையற்பொறி. கறுப்பு நிற உடல். அதன்மேல் மங்கிய பொன்னிறப் பூவேலை. கீழே வார்ப்பிரும்பாலான கால்கள். எட்டு ஆண்டுகளாக அது ஓடவில்லை. அதன் மேற்பலகையில் பழைய செய்தித்தாள்கள் அடுக்கப்பட்டிருந்தன.

"ஓடாத பொறியை ஊர் ஊராகச் சுமக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்பு வாங்குபவர் வருகிறார். எடைக்குப் போட்டுவிடலாம்" என்றார் அப்பா.

பாட்டி ஒன்றும் கூறவில்லை. அன்று மாலை அவர் செய்தித்தாள்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் பொறியின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். விற்பதற்காகத் துடைக்கிறாரா, வைத்துக்கொள்வதற்காகத் துடைக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"பாட்டி, இதை எப்போது வாங்கினீர்கள்?" என்று கேட்டேன்.

"1975-இல். கும்பகோணத்திலிருந்து இங்கே வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. உன் தாத்தாவின் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாக இருந்தது. தவணையில் வாங்கினோம். அப்போது எனக்கு வங்க மொழியில் பத்துச் சொற்கள்கூடத் தெரியாது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்து, அளவு கேட்டுக் கேட்டுத்தான் அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டேன். உன் அப்பாவின் பள்ளிச் சீருடை முழுவதும் இதில் தைத்ததுதான். கல்லூரிக் கட்டணத்திலும் பாதி இந்த மிதியிலிருந்து வந்தது."

சிறிது நேரம் கழித்துப் பாட்டி மேலும் சொன்னார்: "இது செய்யப்பட்ட ஆலைகூட இங்கிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருந்தது."

அது உண்மையே. ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்னும் நிறுவனம், அந்நாளில் கல்கத்தா என வழங்கிய இந்நகரில், 1930களில் உஷா தையற்பொறிகளைச் செய்யத் தொடங்கியது. அதன் ஆலை பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் இருந்தது. இன்று அந்த நிலத்தில் சவுத் சிட்டி என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பும் பேரங்காடியும் எழுந்துள்ளன. அப்பேரங்காடிக்கு நான் பலமுறை சென்றிருக்கிறேன். பாட்டியின் பொறி பிறந்த இடம் அதுவென்று அன்றுதான் அறிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்கள் இருந்தன.

ஊசியின் காது

மறுநாள் அம்மாவை அழைத்துக்கொண்டு கரியாஹாட் சந்தைக்குப் பின்னுள்ள சந்து ஒன்றுக்குச் சென்றேன். அங்கே தையற்பொறி பழுதுபார்க்கும் முதிய மிஸ்திரி ஒருவர் கடை வைத்திருந்தார். அவரை நான் 'தாது' என்று அழைத்தேன். வங்க மொழியில் அச்சொல் தாத்தாவைக் குறிக்கும். புதன்கிழமை மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவுடன் கருவிப் பையைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்து, "கையால் தைக்கும் ஊசியில் காது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

"தலைப்பக்கத்தில்."

"இந்தப் பொறியின் ஊசியில்?"

குனிந்து பார்த்தேன். காது கூர்முனைக்கு அருகில் இருந்தது. இத்தனை நாளும் அதை நான் கவனித்ததில்லை.

"தையற்பொறியின் இரகசியம் அதுதான்" என்று தாது விளக்கினார். கைத்தையலில் ஊசி முழுவதும் துணியைத் துளைத்து மறுபக்கம் செல்கிறது. பொறித்தையலில் ஊசியின் முனை மட்டுமே மேல்நூலைத் துணியின் கீழே கொண்டுசெல்கிறது. ஊசி சற்று மேலெழும்போது அந்நூல் ஒரு சிறு கண்ணியாக விரிகிறது. கீழே சுழலும் கொக்கியின் கூர்முனை அக்கண்ணியைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுவருகிறது. இவ்வாறு மேல்நூலும் பாபினில் உள்ள கீழ்நூலும் ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. மேலே உள்ள நெம்புகோல் நூலை இழுத்து அப்பின்னலை இறுக்குகிறது. அதன்பின் ஊசித் தகட்டின் அடியிலுள்ள பற்கள் துணியை ஒரு தையல் அளவுக்கு நகர்த்துகின்றன. இவை யாவும் ஒன்றன்பின் ஒன்றாக, கண் இமைக்கும் நேரத்தில் நிகழ்கின்றன.

அன்றிரவு நூலகப் புத்தகத்தில் மேலும் படித்தேன். முனையில் காதுடைய ஊசியையும் கீழ்நூலைத் தாங்கும் ஓடத்தையும் கொண்ட பொறிக்கு, 1846-இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்றார். 1851-இல் ஐசக் சிங்கர் தம் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் அமைந்த நிறுவனம், தவணை முறையில் தையற்பொறிகளை உலகெங்கும் விற்றது. பாட்டி தவணை செலுத்தி வாங்கிய கதையும் அந்த நீண்ட வரலாற்றின் ஒரு துளியே என்று எண்ணிக்கொண்டேன்.

நோய் எது?

தாது கைச்சக்கரத்தை மெல்ல அசைத்துப் பார்த்தார். அது நகரவில்லை.

"வலிந்து திருப்பலாமா?" என்று கேட்டேன்.

"கூடாது. ஓடாத பொறியை வலிந்து திருப்பினால், ஒரு நோய் இரண்டாகும். முதலில் காரணத்தைத் தேட வேண்டும்" என்றார்.

அவர் மூன்று இடங்களைச் சோதித்தார். முதலாவது, கைச்சக்கரத்தின் நடுவிலுள்ள திருகு. பாபினில் நூல் சுற்றும்போது அதைத் தளர்த்துவர். அப்போது சக்கரம் சுழலும், ஊசி அசையாது. எங்கள் பொறியில் சக்கரமே சுழலாததால் பழுது அதில் இல்லை. இரண்டாவது, பாபின் இருக்கும் இடம். அங்கே அறுந்த நூல் சிக்கிக்கொண்டால் கொக்கி நின்றுவிடும். தாது பாபினை வெளியே எடுத்தார். பஞ்சுத்தூசி நிறைய வந்தது. சிக்கிய நூல் எதுவும் இல்லை. மூன்றாவது, எண்ணெய். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி ஊசித்தண்டைக் காட்டினார். அதன்மேல் பழுப்பு நிறத்தில் பிசின்போல் ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தவர், "யார் இதற்குத் தேங்காய் எண்ணெய் விட்டது?" என்றார்.

எனக்குத் தெரியாது. பாட்டியைப் பார்த்தேன்.

"எனக்குக் கண்புரை அறுவை நடந்த ஆண்டு, பொறி பல மாதங்கள் சும்மா இருந்தது. மறுபடியும் தைக்க உட்கார்ந்தபோது கரகரவென்று ஓசை வந்தது. உன் அப்பா எனக்காகத் தேங்காய் எண்ணெய் விட்டான். அந்தக் குளிர்காலத்தோடு இது நின்றுவிட்டது" என்றார் பாட்டி.

குளிர்காலத்தில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியில் எண்ணெய் வெண்ணிறமாக உறைவதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். பொறிக்குள்ளும் அது அவ்வாறே உறைந்திருக்கும். கோடையில் உருகினாலும், நாளடைவில் தூசியோடு கலந்து பிசினாகிவிடும். சமையல் எண்ணெய் எதுவாயினும் இதே கதிதான். தையற்பொறிக்கென விற்கப்படும் மெல்லிய எண்ணெய், குளிரில் எளிதில் உறைவதில்லை. விரைவில் பிசினாவதும் இல்லை.

"அப்பாவிடம் இதை ஏன் சொல்லவில்லை, பாட்டி?"

"எனக்காகத்தானே செய்தான்! அதைப் போய்க் குற்றமாகச் சொல்வேனா?" என்றார் பாட்டி.

மூன்று நாள் மருத்துவம்

தாது எங்களுக்குச் செய்முறையைக் காட்டிவிட்டுச் சென்றார். வியாழக்கிழமை முதல் அம்மாவும் நானும் பள்ளி நேரத்திற்குப் பின் வேலை செய்தோம்.

எதையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். கழற்றிய திருகுகளை வரிசை மாறாமல் ஒரு தட்டில் வைத்தோம். திருகின் பிளவுக்குப் பொருந்தாத திருப்புளியைப் பயன்படுத்தினால் தலை சிதைந்துவிடும் என்று தாது எச்சரித்திருந்தார். எனவே அவர் கொடுத்த திருப்புளியையே பயன்படுத்தினோம். ஊசித் தகட்டைக் கழற்றியபோது, பற்களின் இடையே பல வண்ணப் பஞ்சு கெட்டியாக இறுகிக் கிடந்தது. சிறு தூரிகையால் அதை அகற்றினோம். அவற்றுள் நீல நிற இழைகளைப் பாட்டி கையில் எடுத்துப் பார்த்தார். "உன் அப்பாவின் கால்சட்டை நிறம்" என்றார்.

பின்னர், பொறியில் எண்ணெய் விடுவதற்கென உள்ள துளைகளிலும், உலோகமும் உலோகமும் உராயும் இடங்களிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டோம். மண்ணெண்ணெய் எளிதில் தீப்பற்றும். ஆதலால் சன்னல்களைத் திறந்து வைத்தோம்; அடுப்பையும் பூசைவிளக்கையும் அணைத்தோம்; அம்மா உடனிருந்தபோது மட்டுமே வேலை செய்தோம். ஓர் இரவு முழுவதும் பொறியை அப்படியே விட்டோம்.

வெள்ளிக்கிழமை மாலை கைச்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தேன். முதலில் ஒன்றும் நிகழவில்லை. மீண்டும் சில சொட்டுகள் விட்டுக் காத்திருந்தேன். பிறகு சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. சற்று நேரத்தில் கால் சுற்று. இரவு உணவுக்குள் ஒரு முழுச்சுற்று வந்துவிட்டது. ஊசித்தண்டு கீழிறங்கி மேலெழுந்ததைக் கண்டு நான் கூவிவிட்டேன். பாட்டி மட்டும், "இன்னும் முடியவில்லை" என்றார். அவர் கூறியது சரியே. மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்கும். ஆனால் உராய்வைத் தடுக்காது. எனவே கரைந்த அழுக்கைத் துணியால் நன்கு துடைத்து, ஒவ்வொரு துளையிலும் தையற்பொறி எண்ணெயை ஒரு சொட்டு, இரு சொட்டு என விட்டோம்.

வெளிப்புறத்தைத் தூய்மை செய்யும்போதும் பொறுமை வேண்டியிருந்தது. பொன்னிறப் பூவேலை மிக மெல்லியது. சாராயம் கலந்த திரவங்களோ, சொரசொரப்பான நாரோ பட்டால் அது அழிந்துவிடும். மென்மையான துணியில் சிறிது தையற்பொறி எண்ணெய் தொட்டு, அழுத்தாமல் துடைத்தோம். வண்ணம் பூசாத இரும்புப் பகுதிகளில் இருந்த துருவை மட்டும் மெல்லிய எஃகுக் கம்பளியால் தேய்த்தோம்.

சனிக்கிழமை காலை தாது புதிய தோல்பட்டையுடன் வந்தார். பழைய பட்டை வெடித்துப் போயிருந்தது. கீழே உள்ள பெரிய சக்கரத்தையும் மேலே உள்ள கைச்சக்கரத்தையும் இணைப்பது அப்பட்டையே. அது மிகவும் இறுகினால் மிதி கனக்கும், தளர்ந்தால் வழுக்கும். தாது அளவு பார்த்து வெட்டி, துளையிட்டு, கம்பிக் கொக்கியால் இணைத்தார். பாபினில் நூல் சுற்றும் சிறு சக்கரத்தின் இரப்பர் வளையத்தையும் மாற்றினார். புதிய ஊசியையும் பொருத்தினார்.

"ஊசியின் ஒரு பக்கத்தில் நீண்ட பள்ளம் இருக்கும். நூலை அப்பக்கத்திலிருந்தே கோக்க வேண்டும். ஊசியைத் திருப்பி மாட்டினால் எத்தனை நல்ல பொறியும் தைக்காது. பொறி கெட்டுவிட்டது என்று என்னிடம் வருவோரில் பலர் ஊசியைத் தவறாக மாட்டியவர்களே" என்று சிரித்தார்.

மிதியின் ஓசை

மேலே சிவப்பு நூலும் பாபினில் வெள்ளை நூலும் கோத்து, ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பார்த்தோம். துணியின் மேற்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மேல்நூல் அதிகமாக இறுகிக் கீழ்நூலை மேலே இழுக்கிறது என்பது அதன் பொருள். இறுக்கத்தைக் குறைத்தோம். அடுத்த வரியில், அடிப்பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. மேல்நூல் அளவுக்கு மீறித் தளர்ந்துவிட்டது. சற்றே இறுக்கினோம். மூன்றாம் வரியில் மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் மட்டுமே தெரிந்தன. இரு நூல்களும் துணியின் நடுவே சமமாகப் பின்னிக்கொண்டன.

தாதுவை வழியனுப்ப வந்த எதிர்வீட்டு மாஷி, தாமும் பழைய பொறி ஒன்று வாங்க விரும்புவதாகவும், எதைப் பார்த்து வாங்குவது என்றும் கேட்டார். தாது கூறியதை நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

பழைய பொறி வாங்குவோர் பார்க்க வேண்டியவை

1. கைச்சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். கடினமாகச் சுழன்றால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். உடைந்த ஓசை கேட்டால் விலகிவிடலாம்.
2. வார்ப்பிரும்பு உடலில் விரிசல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். துருவை நீக்கலாம், விரிசலை நீக்குவது அரிது.
3. பாபின், பாபின் கூடு, ஊசித் தகடு ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.
4. அதற்குரிய ஊசியும் பாபினும் இன்றும் கடையில் கிடைக்கின்றனவா என்று கேட்டறிய வேண்டும்.
5. நம் கையால் நூல் கோத்து, நம் துணியில் தைத்துப் பார்க்க வேண்டும்.
6. புதிய வண்ணப் பூச்சைக் கண்டு மயங்கக் கூடாது. உள்ளே உள்ள தேய்மானத்தைப் பூச்சு மறைத்துவிடும்.

அன்றிரவு அப்பா அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, பாட்டி பொறியின் முன் அமர்ந்திருந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கைச்சக்கரத்தைத் தம் பக்கமாகத் திருப்பிவிட்டு, மிதியை மிதித்தார். கடகடவென்று சீரான ஓசை எழுந்தது.

அப்பா வாயிலிலேயே நின்றுவிட்டார். "இந்த ஓசையைக் கேட்டுக்கொண்டுதான் நான் தூங்குவேன். பரீட்சைக் காலத்தில் இதை நிறுத்தச் சொல்லிச் சண்டையும் போட்டிருக்கிறேன்" என்றார். பின், "இதற்கு என்னதான் ஆகியிருந்தது?" என்று கேட்டார்.

நான் பாட்டியைப் பார்த்தேன். பாட்டி துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பழைய எண்ணெய் உறைந்திருந்தது. வேறொன்றும் இல்லை" என்றார்.

அப்பா சிறிது நேரம் நின்றார். அலமாரியில் இருந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியை ஒருமுறை பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல், மேசையிலிருந்த மூன்றாம் பட்டியலை எடுத்துக் கடைசி வரியை அடித்தார்.

"இதை முதல் பட்டியலில் எழுதும் முன் ஒரு நிபந்தனை" என்றார் பாட்டி. "ஓட்ட ஆள் இல்லாத பொறியை நாகபுரிக்குச் சுமக்க வேண்டாம். அப்படியானால் எதிர்வீட்டுப் பெண்ணுக்கே கொடுத்துவிடலாம், அவளாவது தைப்பாள். என் கண்ணுக்கு இனி நெடுநேரம் தைக்க இயலாது. இவள் கற்றுக்கொள்வாளா என்று கேள்."

எல்லாரும் என்னைப் பார்த்தனர். நான் தலையசைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்பு வாங்குபவர் வந்து செய்தித்தாள்களை மட்டும் எடுத்துச் சென்றார். அன்று பிற்பகல் பாட்டி என்னைப் பொறியின் முன் அமர்த்தினார். முதலில் நூல் இல்லாமல், வெறும் தாளில் கோட்டின்மேல் ஊசியை ஓட்டச் சொன்னார். மிதி பின்னோக்கிப் போகாமல் சீராக ஓட ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துணிப்பை தைத்தேன். தையல் ஆற்றைப்போல் வளைந்து சென்றது.

பாட்டி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின் சிறு கத்தரியை என் கையில் கொடுத்தார்.

"பிரித்துவிட்டு மறுபடியும் தை" என்றார்.

தெரிந்து தெளிவோம்

● பொறிகளின்மீதுள்ள அளவற்ற மோகத்தைக் காந்தியடிகள் கண்டித்தார். எனினும் 1924-இல் மாணவர் ஒருவருக்கு அளித்த விடையில், சிங்கரின் தையற்பொறியை மனிதருக்குப் பயன்படும் அரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டார்.

● ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் சிங்கர் நிறுவனத்தின் பேராலை ஒன்று இருந்தது. அது 1980-இல் மூடப்பட்டது. அங்குள்ள தொடர்வண்டி நிலையம் இன்றும் 'சிங்கர்' என்றே அழைக்கப்படுகிறது. பழைய சிங்கர் பொறிகளில் பொறிக்கப்பட்டுள்ள எழுத்தும் எண்ணும், அப்பொறி எந்த ஆலையில், எக்காலத்தில் செய்யப்பட்டது என்பதை அறிய உதவுகின்றன.

● 2009-இல் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் பொறிகளுள் 'சிவப்புப் பாதரசம்' என்னும் விலைமதிப்பற்ற பொருள் உள்ளது என்ற வதந்தி பரவியது. அதை நம்பிப் பலர் பெருந்தொகை கொடுத்து அவற்றை வாங்க முற்பட்டனர். அவ்வாறான பொருள் எதுவும் அவற்றில் இல்லை.

சொற்பொருள்

செப்பனிடுதல் – பழுதுநீக்கிச் சரிசெய்தல்
தவணை – தொகையைப் பகுதி பகுதியாகச் செலுத்தும் முறை
மிஸ்திரி – பழுதுபார்க்கும் கைவினைஞர்
மாஷி – சித்தி, பெரியம்மா முறையில் வங்க மொழியில் அழைக்கும் சொல்
கண்ணி – நூல் வளைந்து உண்டாகும் வளையம்
விரற்கடை – ஒரு விரலின் அகல அளவு
திருப்புளி – திருகைக் கழற்றவும் பூட்டவும் உதவும் கருவி

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. பொறியில் பயன்படும் ஊசியின் காது அமைந்துள்ள இடம்
 அ) தலைப்பகுதி ஆ) நடுப்பகுதி இ) கூர்முனைக்கு அருகில்

2. துணியின் மேற்பக்கத்தில் கீழ்நூலின் புள்ளிகள் தெரிந்தால்,
 அ) மேல்நூல் அதிகம் இறுகியுள்ளது ஆ) மேல்நூல் தளர்ந்துள்ளது இ) ஊசி உடைந்துள்ளது

3. பாட்டியின் பொறி ஓடாமல் நின்றதற்குக் காரணம்
 அ) நூல் சிக்கியது ஆ) எண்ணெய் பிசினானது இ) உடலில் விரிசல் விழுந்தது

ஆ. கீழ்க்காணும் செயல்களைச் சரியான வரிசையில் அமைத்து எழுதுக.

- தையற்பொறி எண்ணெய் விடுதல்
- கழற்றுமுன் படம் எடுத்தல்
- கரைந்த அழுக்கைத் துடைத்தல்
- பஞ்சுத்தூசியை அகற்றுதல்
- மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருத்தல்

இ. குறுவினா

1. தோல்பட்டை மிகவும் இறுகினாலும் தளர்ந்தாலும் என்ன நிகழும்?
2. தேங்காய் எண்ணெயைத் தையற்பொறிக்கு விடக் கூடாது. ஏன்?
3. மண்ணெண்ணெயைப் பயன்படுத்தும்போது மேற்கொள்ள வேண்டிய பாதுகாப்பு முறைகள் யாவை?

ஈ. சிறுவினா

1. மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்ளும் முறையை உம் சொந்த நடையில் விளக்குக.
2. 'வேறொன்றும் இல்லை' என்று பாட்டி கூறியதன் காரணத்தை எழுதுக.

உ. சிந்தனை வினா

பொறியைக் கொண்டுசெல்லப் பாட்டி விதித்த நிபந்தனை சரியானதா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

மொழியை ஆள்வோம்

நிலைமொழியின் இறுதியில் லகர மெய் இருந்து, வருமொழியின் முதலில் க, ச, ப ஆகிய வல்லின எழுத்துகளுள் ஒன்று வந்தால், லகரம் றகரமாகத் திரிவது உண்டு.

தையல் + பொறி = தையற்பொறி
விரல் + கடை = விரற்கடை
சொல் + பொருள் = சொற்பொருள்

சேர்த்து எழுதுக:

1. நூல் + கண்டு = ……………
2. பல் + பொடி = ……………
3. கல் + சிலை = ……………
4. மேல் + பலகை = ……………

செயல்பாடு

உங்கள் குடும்பத்தினர் ஊரிலிருந்து கொண்டுவந்த பொருளோ, இந்நகரில் முதன்முதலில் வாங்கிய பொருளோ வீட்டில் உள்ளதா? அதைப் பற்றி வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, எப்போது வந்தது, எதற்குப் பயன்பட்டது, இப்போது எந்நிலையில் உள்ளது என்பவற்றைப் பத்து வரிகளில் எழுதுக. அப்பொருளின் பகுதிகளுக்கு அவர் வழங்கும் தமிழ்ப் பெயர்களைக் கேட்டுப் பட்டியலிட்டு வகுப்பில் படித்துக் காட்டுக.